ஏழாம் நம்பர் பாட்டு

அக்கா டீ குடிக்கும்போதுகூட ஆட்டோவை அணைக்க மாட்டாள். ஒரு கால் வண்டிக்குள், ஒரு கால் ரோட்டில். டீ மாஸ்டர் ஆற்றிக் கொடுப்பதற்குள் மூன்று தடவை ஹாரன் அடித்துவிடுவாள். பாதியைக் குடித்துவிட்டு மீதியை என் பக்கம் நீட்டுவாள். ஏறக்குறைய ஒரு வருசம் நான் அக்காவின் மிச்ச டீயில்தான் உயிர் வாழ்ந்தேன். சர்க்கரை எல்லாம் அடியில்தான் கிடக்கும், அது என் பங்கு.

அருப்புக்கோட்டையில் ஷேர் ஆட்டோக்களுக்கு ஆள் கூப்பிடுவது என் வேலை. "ரெட்டியபட்டி! ரெட்டியபட்டி!" என்று கத்த வேண்டும். நாலாம் வகுப்பில் பள்ளிக்கூடமும் நானும் மனமொத்துப் பிரிந்துவிட்டோம். ஒரு போர்டை நான் எழுத்துக் கூட்டி வாசித்து முடிப்பதற்குள் அந்த வண்டி ஊர் போய்ச் சேர்ந்துவிடும். தொண்டை மட்டும் நன்றாக இருக்கும். மண்டையில் வைக்க வேண்டியதையும் சேர்த்துக் கடவுள் அங்கேயே வைத்துவிட்டான் என்று அக்கா சொல்வாள்.

அந்த ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டிய ஒரே பொம்பளை அவள்தான். நாற்பது வயது இருக்கும். அவளுடைய அம்மாவும் அவளும் ஒரு காலத்தில் அடுத்தவர் புஞ்சையில் பருத்திக்குக் களையெடுத்தவர்கள். "குனிஞ்சே கெடந்து நடுமுதுகு செத்துப் போச்சுலே. இனிமே நிமிந்து உக்காந்துதான் சம்பாதிக்கணும்" என்று லைசென்ஸ் எடுத்தாளாம். ஆனால் உட்கார்ந்தாளா என்றால் அதுதான் இல்லை. ஆள் நிறைகிற வரை வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவாள், டயரை மிதிப்பாள், கண்ணாடியைத் துடைப்பாள், துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைப்பாள். பார்த்துக்கொண்டிருந்தால் நமக்குக் கால் வலிக்கும்.

நாம் என்ன கதை சொன்னாலும் அக்காவிடமிருந்து ஒரே கேள்விதான் வரும். "அப்புறம்?"

"எங்க மாமா கெணத்துல விழுந்துட்டாருக்கா."

"அப்புறம்?"

"தூக்கிட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, தலைய தொவட்டுனாரு."

"அப்புறம்?"

அதற்குமேல் பதில் வைத்திருக்கிறவன் யார்? நானே ஒரு கட்டத்தில் மாமாவைத் திரும்பக் கிணற்றில் தள்ளிவிட்டேன். அவள் புருசன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவர் என்று ஒருமுறை சொன்னாள். அந்த ஒரு இடத்தில் மட்டும் "அப்புறம்?" என்று நான் கேட்கவில்லை. எனக்கும் கொஞ்சம் அறிவு உண்டு.

அந்தப் பாட்டு வந்தது இப்படித்தான். அக்கா வாங்கியது பழைய வண்டி. அதன் பாட்டு செட்டில் ஒரு மெமரி கார்டு செருகியபடியே கிடந்தது. விற்றவரைக் கேட்டால், அவரும் பழைய வண்டியாக வாங்கியதுதானாம், அந்தச் செட்டை ஒருநாளும் போட்டதில்லையாம். அதில் பன்னிரண்டு பாட்டு. பேர் கிடையாது, நம்பர் மட்டும். முதல் நாள் சத்தமாகப் போட்டாள். பாட்டு என்கிறோமே தவிர அதில் பாடுகிறவன் இல்லை, வார்த்தை இல்லை. ஒற்றைக் கீபோர்டு, அதுவும் ஜலதோசம் பிடித்த கீபோர்டு. பின்னால் மழை பெய்வது போல ஒரு இரைச்சல். எங்கோ ஒரு மணி. யாரோ பெரிய மனுசன் கனத்த செருப்போடு நடக்கிற மாதிரி ஒரு கொட்டு.

"என்னக்கா இது, செட்டு ரிப்பேரா?" என்றேன்.

"பொறு. எங்கயோ போகுதுலே."

"எங்க போகுது?"

"அதத்தான் பாக்கேன்."

பன்னிரண்டில் ஏழாவதுதான் அவளைப் பிடித்துக்கொண்டது. முதலில் மணி. பிறகு அந்த நடை. பிறகு ஒரு ராகம் மேலே மேலே ஏறும், படியேறுகிற மாதிரி. ஏறி உச்சிக்குப் போய் இதோ ஏதோ நடக்கப்போகிறது என்கிற இடத்தில் டக்கென்று அறுந்துவிடும். யார் பதிந்தானோ, அவ்வளவுதான் பதிந்திருக்கிறான்.

"ஒரு கோட்டைலே" என்பாள் அக்கா. "ஒருத்தன் தனியா நடந்து வாரான். படியேறுறான். கதவு கிட்ட வந்துட்டான். அப்புறம்?"

"கரண்டு போயிருச்சு."

"போலே."

ஒருநாள் அவளே சொன்னாள்: "சினிமாப் பாட்டு எல்லாம் நம்மகிட்ட என்னத்தையாவது சொல்லிக்கிட்டே இருக்கு. அழுங்குது, ஆடுங்குது. இது ஒண்ணும் சொல்லல. கூட வாரியான்னு மட்டும் கேக்குது."

ஆனால் ஏறுகிறவர்களுக்கு அது பிடிக்க வேண்டுமே. வாராவாரம் சந்தைக்குப் போகும் ஆட்டு யாவாரி அண்ணாச்சி ஏறியதும் ஆரம்பிப்பார். "ஏம்மா, நாங்க ரெட்டியபட்டி போறமா, எமலோகம் போறமா?" அடுத்த நாள்: "எங்க ஆடுகூட இதவிட நல்லா கத்தும்மா." அக்கா சத்தத்தைக் கூட்டுவாளே தவிர குறைக்க மாட்டாள்.

எல்லாம் சிரிப்போடு போய்க்கொண்டிருந்தது, அந்த ஒரு நாள் வரும்வரை. அன்றைக்கு ரெட்டியபட்டியில் ஒரு கெடாவெட்டு. கறிச்சோறு என்றால் நான் கூப்பிடாமலே போகிறவன், அன்றைக்குக் கூப்பிட்டே விட்டார்கள். அக்கா வண்டியில் முன்னால் தொற்றிக்கொண்டேன்.

ரெட்டியபட்டிக்கு முன்னால் ஒரு ஊர் உண்டு. அந்த ஊரின் பெரிய வீட்டுப் பெரியவர் ஒரு மாதமாகப் படுக்கையில் கிடந்தார். இன்றைக்கோ நாளைக்கோ என்று ஊரே காத்திருந்த நேரம். எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் ஒரு ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி அனுப்புவார்கள். முதலில் சோகமாக ஒரு இசை வரும், பிறகுதான் மைக்கில் பேர் சொல்வார்கள். அந்த இசை கேட்டதுமே கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஊர் கூடிவிடும். பேர் வரும்வரை யார் காத்திருக்கிறார்கள்?

அக்காவின் வண்டி ஊருக்குள் நுழைந்தது. ஏழாம் நம்பர் ஓடிக்கொண்டிருந்தது. டங்... டங்... டங்...

பருத்திக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே வரப்பேறினார்கள். டீக்கடையில் அடுப்பை அணைத்தார்கள். ஒருவர் மாலை வாங்க மோட்டார் சைக்கிளை உதைத்தார். பெரிய வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது. வண்டியே நகர முடியவில்லை. கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்த அந்த வீட்டு மருமகள், ஊரெல்லாம் மதினி என்று கூப்பிடுகிறவர், ஈரக்கையோடு ஓடிவந்து வாசலில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தே விட்டார். ஆட்டோவிலிருந்து எட்டிப் பார்த்து நானும் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டேன். யார் செத்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? கூட்டத்தோடு அழுவது மரியாதை.

மதினி இரண்டு வரி பாடியதும், உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யாருலே செத்தது?"

பெரியவர்தான். கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். கையில் கஞ்சிக் கிண்ணம். அவர் கூட்டத்தைப் பார்த்தார். ஒரு கிழவி கையில் வைத்திருந்த பூவைப் பார்த்தார். ஒரு மாதத்தில் வராத தெம்பு அந்த ஒரு நிமிசத்தில் வந்துவிட்டது அவருக்கு.

"ஏத்தா, ரெண்டு வரிக்கு மேல வரலியே? மாமனாருக்கு அம்புட்டுத்தானா?"

மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பெரியவர் மகனிடம் திரும்பினார்.

"கொட்டு இல்ல, மேளம் இல்ல. எனக்கு இம்புட்டு மட்டமான செட்டையா பேசி வச்சிருக்க நீ?"

எல்லோரும் ஆட்டோவைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா இறங்கி, "ஐயா, தப்பா நெனைக்காதீக. இது சும்மா வண்டில ஓடுற பாட்டு" என்றாள்.

"இதையா சும்மா கேக்குற? ஒனக்கு என்னத்தா அப்படி ஒரு கஷ்டம்?" என்று அவர் நிசமாகவே விசாரித்தார்.

களையெடுப்பு அரை நாள் கெட்டது. ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். கடைசியில் ஊர் எல்லைக்குள் அந்தப் பாட்டு கேட்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து ஊருக்கு முன்னால் உள்ள பாலம் வந்ததும் அக்கா அணைப்பாள், ஊர் தாண்டியதும் போடுவாள். ஒருநாள் போட மறந்துவிட்டாள். பின்னால் இருந்து ஆட்டு யாவாரி அண்ணாச்சி, "ஏம்மா, ஊரு தாண்டிருச்சே" என்றார். எல்லோரும் அவரைப் பார்த்ததும், "இல்ல, கேட்டேன்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தக் கோடையில்தான் கார்டு மக்கர் பண்ணத் தொடங்கியது. வெயிலில் டேஷ்போர்டு தோசைக்கல் மாதிரிக் கொதிக்கும். பன்னிரண்டாவது பாட்டு போனது, பிறகு பதினொன்று. ஏழாவதும் திக்கியது. அக்கா செல்போன் கடைக்குக் கொண்டுபோனாள். நானும் வால் பிடித்துப் போனேன். கடைக்காரர் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, ஏழு மட்டுமில்லை, எதுவுமே காப்பி ஆகவில்லை என்றார். "கார்டு வெந்துருச்சுக்கா. செட்டுல போட்டா இன்னும் ரெண்டு மூணு தடவை பாடும். ஸ்பீக்கர் முன்னாடி செல்ல வச்சு பதிஞ்சுக்கங்க. ஆனா இஞ்சின அணைக்கணும். இல்லேன்னா அந்த இரைச்சல்தான் விழும்."

இஞ்சினை அணைக்க வேண்டும் என்றதும் அக்காவின் முகம் மாறியது. "சரி, நாளைக்கு" என்றாள். மறுநாளும் "நாளைக்கு" என்றாள். வண்டியை அணைத்துவிட்டுச் சும்மா உட்காருவது அவளுக்கு அவ்வளவு பெரிய காரியம். ஆனால் முன்னைவிட வேகமாகச் சுற்றினாள். "ஏழு போயிருச்சுன்னா அப்புறம் எங்க போயித் தேட? பேருகூடத் தெரியலியேலே" என்று ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்வாள்.

இங்கேதான் நான் உதவிக்குப் போனேன். என் வாழ்க்கையில் நான் உதவிக்குப் போன எந்த இடமும் உருப்பட்டதில்லை.

கார்டின் முதுகில் தங்கக் கலரில் சின்னச் சின்னக் கோடு இருக்கும். கறுத்துப் போயிருந்தது. எங்கள் வீட்டில் வெள்ளிக் கொலுசு கறுத்தால் விபூதி போட்டுத் தேய்ப்பார்கள், பளபளவென்று ஆகிவிடும். அக்கா சாப்பிடப் போன நேரம் கார்டைக் கழற்றினேன். கோயில் விபூதி பையிலேயே இருந்தது. ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, கட்டைவிரலால் பக்தியோடு தேய்த்தேன். மின்னியது பாருங்கள்! கல்யாணப் பொண்ணு மாதிரி இருந்தது. செருகினேன். செட்டு ஒரு தடவை "கிர்" என்றது. அவ்வளவுதான். மிச்சமிருந்ததும் போச்சு.

அக்கா வந்தாள். நான் உண்மையைச் சொன்னேன். திட்டுவாள், அடிப்பாள் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவள் கார்டை வாங்கிப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள்.

"விபூதியா?"

"ஆமாக்கா."

"அப்புறம்?"

அவள் வண்டியில் ஏறி, ஒரு ஆள்கூட இல்லாமல், வெறும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள். அப்படி அவள் போய் நான் பார்த்ததே இல்லை. எட்டு நாள் எனக்கு மிச்ச டீ இல்லை. முழு டீ சொந்தக் காசில் குடித்தேன். இறங்கவில்லை.

பாட்டில்லாத அந்த எட்டு நாளில் வண்டிக்குள் யாரும் கிண்டல் செய்யவில்லை என்று கேள்விப்பட்டேன். கிண்டல் செய்ய ஒன்றும் இல்லாமல் எல்லோரும் மொகத்தைத் தூக்கி வைத்திருந்தார்களாம். ஒன்பதாம் நாள் சாயங்காலம் கூச்சத்தை விட்டு நானும் வண்டிப் படியில் தொற்றிக்கொண்டேன். அப்போது, ரெட்டியபட்டியிலிருந்து வந்து பிரவுசிங் சென்டரில் வேலை பார்க்கும் ஒரு பொண்ணு ஏறியது. தினமும் வருகிற பொண்ணுதான். காதில் எப்போதும் ஹெட்செட் இருக்கும், ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கு ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுக் கேட்டது:

"அக்கா, அந்த டஞ்சன் சிந்த் ஏன் போடுறதில்ல?"

அக்கா பிரேக் போட்ட வேகத்தில் நான் படியிலிருந்து விழுந்தேன்.

"என்னம்மா சொன்ன? அதுக்குப் பேரு இருக்கா?"

"இருக்கேக்கா. நான் வீடியோ கேம்ல கேட்டுப் பழகுனது. டஞ்சன்னா கோட்டைக்கு அடியில இருக்கிற சிறை, சிந்த்னா கீபோர்டு. முப்பது வருசம் முன்னாடி குளிர் நாட்டுல சின்னப் பயலுக செஞ்சது. மந்திரவாதி, டிராகன், பழைய கோட்டைனு கதை படிச்சிட்டு, அதுக்குப் பாட்டு போட்டாங்க. வீட்டுக்குள்ள கதவப் பூட்டிக்கிட்டு ஒத்த ஆளு, ஒரு மட்டமான கீபோர்டு. கேசட்டுல பதிஞ்சு ஆளுக்கு ஆள் தபால்ல அனுப்பிக்கிட்டாங்க. அதான் அந்த இரைச்சல்."

"கோட்டைதான்! நான் சொன்னேன்ல, கோட்டைனு!" அக்கா என் தோளில் ஒரு அடி வைத்தாள். எட்டு நாள் பாக்கியும் சேர்ந்த அடி. எனக்கு வலித்தது, நிம்மதியாகவும் இருந்தது.

மறுநாள் பிரவுசிங் சென்டரில் அந்தப் பொண்ணு யூடியூப்பில் தேடித் தேடிப் போட்டுக் காட்டியது. ஆயிரக்கணக்கில் இருந்தது. பனி, மலை, இடிந்த கோபுரம், வாளோடு எலும்புக்கூடு எல்லாம் படமாக வந்தன. பழைய கேசட்டுகளாகப் பார்த்துத் தேடினோம். அக்கா நாற்காலியின் நுனியில் இருந்து, "இது இல்ல. அடுத்தது. இது அவன் தம்பி. இவன் இல்ல, அடுத்தது" என்றாள். மூன்று நாள் அப்படிப் போனது. சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள், ஏழாம் நம்பர் மட்டும் வரவில்லை.

"பேரு தெரியாம கஷ்டம்க்கா. ரெண்டு கேசட்டு போட்டுட்டுக் காணாமப் போனவங்க நெறய."

அக்கா எழுந்து நின்றாள். அறைக்குள்ளேயே இரண்டு சுற்று சுற்றினாள்.

"இவனுகளுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுத்தது யாரும்மா?"

"யாருமில்லக்கா. தானா தட்டுனது."

"கீபோர்டும் மட்டம்?"

"மட்டம்."

"பாட்டும் படிக்கல?"

"இல்ல."

அக்கா என்னைப் பார்த்தாள். "ஏலே, ஒன்ன மாதிரி பயலுகதான்லே செஞ்சிருக்கானுக! அப்ப நாமளே தட்டிப் பாப்பம்."

அந்தப் பொண்ணு செல்லில் கீபோர்டு ஒன்று வைத்திருந்தது. தினமும் ஆள் நிறைகிற நேரத்தில் வண்டிக்குள் வைத்து அக்கா ஒரு விரலால் தட்டிப் பார்ப்பாள். வரவில்லை. தனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று நினைத்திருந்தாள், தட்டினால் வேறு எங்கோ போனது.

"மொதல்ல மணி ரெண்டு வரும்" என்றாள் ஒருநாள்.

"மூணு" என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல். பெரிய வீட்டு மதினி. பெரியவருக்கு மாத்திரை வாங்க வந்திருந்தார். "மூணு மணி. மூணாவது அடிச்சதுக்கப்புறந்தான் நான் அழ ஆரம்பிச்சேன். எனக்கா மறக்கும்? நாலாவதா அடிக்கப்போகுதுனு நெனச்சேன், அடிக்கல."

மூன்று வைத்தாள். சரியாக இருந்தது.

"நடை இம்புட்டு வேகம் கெடையாது" என்றார் ஆட்டு யாவாரி அண்ணாச்சி. "கெடா ஒண்ணு வரமாட்டேன்னு காலை ஊனி ஊனி வரும் பாரு, அப்படி." சீட்டுக் கம்பியில் விரலால் தட்டிக் காட்டினார். அதேதான். படியேறுகிற ராகத்தை ஒருவர் மூக்கால் முனகினார், இன்னொருவர் இல்லை என்று திருத்தினார். ஒருநாள் ரெண்டு பேருக்குள் சண்டையே வந்து, ஒருவர் இறங்கி பஸ்ஸில் போய்விட்டார். மறுநாள் அவரே வந்து, "நேத்து நீ சொன்னதுதான் சரி, ராத்திரி யோசிச்சேன்" என்றார். இத்தனை நாள் எமலோகம், இழவு வீடு என்று சொன்னவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு துண்டை உள்ளே பத்திரமாக வைத்திருந்தார்கள்.

பத்துப் பன்னிரண்டு நாளில் பாட்டு அறுந்துபோகும் அந்த இடம் வரை சேர்ந்துவிட்டது. பதிய வேண்டும். அந்தப் பொண்ணு தயங்கிச் சொன்னது: "அக்கா, இஞ்சின்..."

அக்கா சாவியைப் பார்த்தாள். இந்தத் தடவை நாளைக்கு என்று சொல்லவில்லை. திருகினாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றது. டீ மாஸ்டரே எட்டிப் பார்த்தார், வண்டி செத்துவிட்டதென்று. அக்கா ரெண்டு காலையும் உள்ளே எடுத்து வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு விரலால் தட்ட ஆரம்பித்தாள். மூன்று மணியோசை. கெடாவின் நடையை அண்ணாச்சி கம்பியில் தட்டினார். மதினி மூச்சு விடாமல் இருந்தார். ராகம் படியேறியது. உச்சிக்கு வந்தது. கதவுக்கு முன்னால் நின்றது.

நான் வெளியே நின்றேன். சத்தியமாக வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். அந்த நேரம் பார்த்து மதுரை பஸ் ஒன்று ஆட்களை இறக்கியது. பத்து வருசப் பழக்கம், ஆட்களைப் பார்த்தால் தொண்டை தானாகத் திறந்துவிடும்.

"ரெட்டியபட்டி! ரெட்டியபட்டி! ஏறு ஏறு ஏறு!"

வண்டிக்குள் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. விபூதியை மறந்திருப்பார்கள், இதை மறக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அந்தப் பொண்ணு, "கடைசியில அத வெட்டிறலாம்க்கா" என்றது. அக்கா திரும்பப் போட்டுக் கேட்டாள். மணி, நடை, படி, கதவு, அப்புறம் நான். ரெண்டு தடவை கேட்டாள்.

"வெட்டாத. இருக்கட்டும்."

அந்தப் பொண்ணு அதை யூடியூப்பில் ஏற்றிவிட்டது. படத்துக்குக் கோட்டை வேண்டுமே என்று எங்கள் ஊர் பழைய தண்ணீர்த் தொட்டியைக் கருவேலங்காட்டோடு சேர்த்துக் கறுப்பாக்கிப் போட்டது. பார்த்தால் உள்ளே ராட்சசன் இருப்பான் போலத்தான் இருந்தது. பதினேழு பேர் கேட்டார்கள். பதினாறு பேர் அந்த வண்டியில் வருகிறவர்கள்.

பதினேழாவது ஆள் ஏதோ ஒரு குளிர் நாட்டுக்காரன். கீழே ஒரு வரி எழுதியிருந்தான். அந்தப் பொண்ணு ஸ்டாண்டில் வைத்து எங்களுக்கு அதைத் தமிழில் சொன்னது: "ரொம்ப நல்லா இருக்காம். கடைசியில கோட்டை வாசல்ல நின்னு ஒருத்தன் கூப்பிடுறானே, அந்தக் காவக்காரன் யாருன்னு கேக்குறான்."

இன்றைக்கு அக்கா இந்த லைனில் இல்லை. பெரிய லைசென்ஸ் எடுத்து, லோடு லாரி ஓட்டுகிறாள். பந்தல்குடிக்கு அங்கிட்டு தூத்துக்குடி ரோட்டில் பார்த்ததாக அண்ணாச்சி சொன்னார். லாரியையும் அணைக்காமல்தான் டீ குடித்தாளாம். நான் அவளை நினைக்கும்போது லாரி ஞாபகத்துக்கு வருவதில்லை. அந்தச் சாயங்காலம்தான் வரும். செல்லைப் பிடித்தபடி அவள் சிரித்த சிரிப்பு. அவ்வளவு நாளில் முதல் தடவையாக "அப்புறம்?" என்று கேட்கவில்லை.

"ஆமா, காவக்காரன்தான்னு எழுதும்மா. நல்ல காவக்காரன், விபூதி மட்டும் கையில குடுத்துறக் கூடாதுன்னும் எழுது" என்றாள். பிறகு சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினாள். "ஏலே காவக்காரா, இன்னும் ரெண்டு சீட்டு கெடக்கு. கூப்பிடு."

கூப்பிட்டேன். வெளிநாட்டுக்காரனே கேட்டுவிட்டானே என்று, கோட்டை வாசலுக்குத் தக்கபடி குரலைக் கனமாக்கி, இழுத்துக் கூப்பிட்டேன். எதிரே பையோடு நின்ற ரெண்டு பேர் மிரண்டுபோய் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள்.